சார்ஜ் ஏறாத மோட்டார் சைக்கிளில் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஏழு மைல். இதற்கும் ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பீர்கள். எங்கள் மோட்டார் சைக்கிள்காரர் வட்டத்தின் மாத இதழில் மற்ற நண்பர்கள் நுவரெலியா ஏறிய கதையையும், திருக்கோணமலைக்குக் காட்டு வழியால் போன கதையையும் எழுதுகிறார்கள். நானும் போன வருடம் யாழ்ப்பாணம் போய் வந்து நாலு பக்கம் எழுதினேன். வழியில் எங்கும் நிற்காமல் ஓடிய என் வண்டியைப் பற்றி அதில் வேண்டிய மட்டும் பீற்றிக்கொண்டேன். இந்த ஏழு மைலில் பீற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆனாலும் பழைய வண்டி வைத்திருக்கும் ஒருவர் அந்தப் பக்கம் போக நினைத்தால், எனக்கு நடந்தது அவருக்கு நடக்காமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

போன மாதம், ஒரு வியாழக்கிழமை. என் மனைவி பூமணிக்குப் பிள்ளை பிறந்து மூன்று மாதம். பேறு பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் மாமியார் இன்னும் எங்களோடுதான் இருக்கிறார். பூமணிக்கு ஒரே ஓர் அண்ணன், பெயர் ராசன். மலாயாவில் ஒரு றப்பர் தோட்டத்தில் கிளாக்கர். ஜப்பான்காரன் அங்கே வந்த நாளிலிருந்து அவனிடமிருந்து ஒரு கடிதமும் இல்லை. யுத்தம் முடிந்து மற்ற வீடுகளுக்கெல்லாம் கடிதம் வரத் தொடங்கியும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

இந்த நிலையில், அதே தோட்டத்தில் வேலை பார்த்த ஒருவர் கப்பலில் வந்து இறங்கியிருப்பதாக கந்தோரில் என்னோடு வேலை செய்யும் நண்பர் ஒருவர் மூலம் தகவல் வந்தது. கொட்டாஞ்சேனையில் தங்கை வீட்டில் தங்கியிருக்கிறாராம். வியாழக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு ஊருக்குப் புறப்படுகிறாராம். ராசனைப் பற்றித் தாயாரிடம் நேரில்தான் சொல்ல வேண்டும் என்றாராம். அந்த ‘நேரில்தான்’ என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டில் எல்லோரும் பயந்துவிட்டோம். மாமி சமைத்துக்கொண்டே சொன்னார்.

“உயிரோடை இருக்கிறான் எண்டால், இருக்கிறான் எண்டே சொல்லி அனுப்பியிருப்பினம்.”

பூமணியால் கைக்குழந்தையோடு வர முடியாது. என்னைத் தனியே கூப்பிட்டு, “ரெயிலிலை கோட்டைக்குப் போய், அங்கையிருந்து கிராண்ட்பாஸ் ட்ராமிலை ஏறுங்கோ. என்ன செய்தி எண்டாலும் அம்மாவுக்குப் பக்கத்திலை நில்லுங்கோ. அங்கை எல்லாம் பிறத்தி ஆக்கள்,” என்றாள்.

“சைட்கார் இருக்கேக்கை ஏன் ட்ராம்? அரை மணித்தியாலத்திலை கொண்டுபோய் இறக்கிப்போடுவன்,” என்றேன் நான்.

வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. யுத்தத்துக்கு முந்திய சீமை வண்டி, ஆறு வோல்ட். இடது பக்கத்தில் ஓர் ஆள் வசதியாக இருக்கக்கூடிய சைட்கார். பழைய வண்டிகள் பலவற்றில் மக்னீற்றோ இருக்கும். அது தனக்கு வேண்டிய பொறியைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். பெற்றறி செத்தாலும் எஞ்சின் ஓடும். என்னுடையது அப்படியல்ல. பொறிக்கும் பெற்றறிதான் மின்சாரம் தர வேண்டும். ஓட ஓட டைனமோ அந்தப் பெற்றறியை நிரப்பிக்கொண்டிருக்க வேண்டும். டைனமோ வேலைநிறுத்தம் செய்தால் உடனே ஒன்றும் தெரியாது. பெற்றறியில் மிச்சம் இருக்கும்வரை வண்டி ஓடும், பிறகு நடுத்தெருவில் நிற்கும். நிரம்புகிறதா வடிகிறதா என்று காட்டுவதற்குத்தான் முன்விளக்கின் தலையில் அம்மீற்றர் என்று ஒரு சின்ன வட்டக் கண்ணாடியும் அதற்குள் ஒரு முள்ளும் இருக்கின்றன.

அந்தக் கண்ணாடியில் சந்தனம் அப்பியிருந்தது. இரண்டு கிழமைக்கு முன் ஆயுத பூசை. பூமணியின் தையல் மெஷினுக்கும், குசினிக் கத்திக்கும், அரிவாளுக்கும், என் வண்டிக்கும் மாமி சந்தனம் குங்குமம் வைத்தார். வண்டியில் எங்கே பொட்டு வைப்பது என்று சுற்றிப் பார்த்துவிட்டு, நெற்றி போல இருந்த அந்த வட்டத்தின் நடுவில் தாராளமாக ஒன்று வைத்தார். பெரியவர்கள் வைத்த பொட்டை அழிக்கக் கூடாது என்று நானும் விட்டுவிட்டேன். அன்றைக்கு நானும் என் பங்குக்கு ஒன்று செய்தேன். அதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

காலை ஒன்பதரைக்குப் புறப்பட்டோம். பெற்றோல் ஒரு கலன் இருந்தது. போய்வரக் கால் கலன் போதும். மாமி வெள்ளைச் சேலையோடு சைட்காரில் ஏறி, மடியில் ஒரு சின்னப் பையை வைத்துக்கொண்டார். பம்பலப்பிட்டி தாண்டும்வரை ஒரு குறையும் இல்லை. கொள்ளுப்பிட்டிச் சந்தியில் ஒரு மாட்டுவண்டிக்கு ஹோர்ன் அடித்தேன். சளி பிடித்த ஆட்டுக்குட்டி போல ஒரு சத்தம் வந்தது. அந்தக் கிழமை முழுவதுமே அப்படித்தான் இருந்தது. இரவில் விளக்கும் மஞ்சளடித்திருந்தது. பார்க்கலாம், பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டிருந்தேன். வாசகர்களே, பழைய வண்டி முதலில் ஹோர்னாலும் விளக்காலும்தான் கதைக்கும். அதைக் கேட்காதவன் பிறகு தெருவில் ஊராரின் கதையைக் கேட்க வேண்டி வரும்.

காலிமுகத்திடலில் எஞ்சின் இரண்டு தரம் விக்கியது. கடல் காற்று என்று மாமிக்குச் சொன்னேன். எனக்கே நான் சொன்ன பொய்யும் அதுதான். கோட்டையைக் கடந்து புறக்கோட்டை மெயின் வீதிக்குள் நுழைந்ததும் விக்கல் இருமலாயிற்று. கைவண்டிகளும் ரிக்சோக்களும் மூட்டை சுமப்பவர்களும் நெருக்கியடித்த இடத்தில் வண்டி மூன்று தரம் உதறிவிட்டு அப்படியே நின்றது. நின்ற இடம் ட்ராம் தண்டவாளம்.

உதைத்தேன். உதைக்க உதைக்க எனக்குத்தான் வியர்த்தது. பின்னால் கிராண்ட்பாஸ் ட்ராம் வந்து நின்று மணியடித்தது. ட்ராமில் இருந்தவர்கள் தலையை வெளியே நீட்டினார்கள். கடைகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

“மல்லி, ஓக்க அயின் கறண்ட,” என்றான் ட்ராம் ஓட்டி. வண்டியை விலக்கச் சொல்கிறான். ஆள் இருக்கும் சைட்காரோடு ஒருவன் தனியே தள்ளுவது லேசான காரியமல்ல. மாமியை இறங்கச் சொல்ல வேண்டியிருந்தது. அதை மரியாதையாகச் சொல்லியிருக்கலாம்.

“இறங்குங்கோ மாமி. உங்கடை சந்தனத்தாலைதான் இவ்வளவும். முள்ளு எங்கை நிக்குது எண்டு பாக்க விட்டனீங்களே? கண்ட கண்ட இடத்திலை எல்லாம் பொட்டு வைச்சால் இப்பிடித்தான்.”

இத்தனை பேர் நடுவில், உரத்த குரலில், இந்தச் சொற்களை அப்படியே சொன்னேன். அங்கே நின்றவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் விளங்கும். மகனைப் பற்றி என்ன கேட்கப்போகிறோமோ என்று பயந்துகொண்டு வந்த ஒரு தாயிடம் சொன்னேன். இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

மாமி இறங்கினார். சேலைத் தலைப்பால் அந்தக் கண்ணாடியை நன்றாக அழுத்தித் துடைத்தார். நானும் இன்னும் இரண்டு பேரும் வண்டியைத் தண்டவாளத்திலிருந்து ஒதுக்குவதற்குள், அவர் நேரே அந்த ட்ராமுக்குப் போய், “கொட்டாஞ்சேனைக்குக் கிட்டப் போகுமோ?” என்று கொண்டக்டரிடம் கேட்டார்.

“நகின்ட அம்மே,” என்று அவன் கை கொடுத்து ஏற்றினான்.

மாமிக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. கொழும்பில் தனியாக ஓரிடமும் போனதில்லை. நான் அந்த ட்ராமில் தாவி ஏறியிருக்க வேண்டும். ஓடிப் பிடிக்கக்கூடிய வேகத்தில்தான் அது போயிற்று. ஆனால் மனம் வேறு கணக்குப் போட்டது. பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம், ட்ராமையே முந்திக்கொண்டு போய் அந்த வீட்டு வாசலில் வண்டியோடு நிற்கலாம் என்று நினைத்தேன். இத்தனை பேர் பார்க்க வண்டியை விட்டுவிட்டு ட்ராமில் போவதுதான் அப்போது எனக்கு வெட்கமாகப் பட்டது.

ஒதுக்கிய இடம் ஒரு முஸ்லிம் நானாவின் சாப்பாட்டுக் கடை. “நெழல்ல வெய்ங்க தம்பி, வெயில்ல நிண்டு என்னத்த பாக்கிய,” என்றார் அவர். இனி நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். இதுவாவது உங்களுக்குப் பயன்படும்.

முதலில் பெற்றறி. முனைகள் இரண்டும் இறுக்கமாக, உப்புப் பூக்காமல் இருந்தன. தண்ணீர் மட்டமும் சரி. ஒரு பல்பை அந்த முனைகளில் தொடுத்துப் பார்த்தேன். கம்பி லேசாகச் சிவந்தது, அவ்வளவுதான். ஆக, பெற்றறி கெட்டுப் போகவில்லை, பட்டினி கிடக்கிறது. சாப்பாடு போடாதது டைனமோவா, அல்லது டைனமோவுக்கும் பெற்றறிக்கும் நடுவில் கதவு மாதிரித் திறந்து மூடும் கட்-அவுட்டா என்று பார்க்க வேண்டும். அதற்கு எஞ்சின் ஓட வேண்டும். எஞ்சின் ஓட நல்ல பெற்றறி வேண்டும்.

நானாவின் கடையில் றேடியோ பாடிக்கொண்டிருந்தது. அதன் கீழே ஆறு வோல்ட் பெற்றறி ஒன்று. வெட்கத்தை விட்டு அதை இரவல் கேட்டேன். நானா ஒரு கணம் என்னையும் றேடியோவையும் பார்த்துவிட்டுக் கழற்றித் தந்தார். பாட்டு நடுவில் நின்றது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எஞ்சின் முதல் உதையிலேயே பிடித்தது. மாமி துடைத்துவிட்ட அம்மீற்றரில் முள் இப்போது நன்றாகத் தெரிந்தது. எஞ்சினின் வேகத்தைக் கூட்டினாலும் முள் வடியும் பக்கமே கிடந்தது. டைனமோவிலிருந்து கட்-அவுட்டுக்குப் போகும் கம்பிகள் இரண்டையும் கழற்றினேன். அந்த இரண்டு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் ஒன்றாக இணைத்தேன். அங்கிருந்து ஒரு பல்பை வண்டியின் இரும்போடு தொடுத்து, எஞ்சினை மெல்லக் கூட்டினேன். பல்பு எரிந்தால் டைனமோ நல்லது, கோளாறு கட்-அவுட்டில். எரியாவிட்டால் கோளாறு டைனமோவுக்குள்ளேயே. எரியவில்லை. இந்தச் சோதனையில் எஞ்சினை அதிகம் முறுக்கக் கூடாது, டைனமோ புகைந்துவிடும்.

எஞ்சினை நிறுத்தி, டைனமோவின் பின்மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு செப்பு உருளை சுழலும். அதை, சின்னக் கூடுகளுக்குள் இருக்கும் இரண்டு கரித்துண்டுகள் இரண்டு பக்கமும் தொட்டுக்கொண்டிருக்கும். கரி தேயத் தேய, பின்னாலிருக்கும் வில் அதைக் கூட்டுக்குள் முன்னே தள்ளிக்கொண்டே இருக்கும். இரண்டு கூட்டிலும் சந்தனம் காய்ந்து இறுகிப்போயிருந்தது. ஒன்றின் மேல் குங்குமப் பொட்டும் அப்படியே இருந்தது.

இது மாமி வைத்ததல்ல. ஆயுத பூசையன்று மாமி வெளியில் பொட்டு வைத்துக்கொண்டிருக்கும்போது, “வெளியிலை வைச்சு என்ன மாமி, வண்டியின்ரை சீவன் இஞ்சைதான் இருக்குது,” என்று பெரிய விண்ணன் மாதிரி மூடியைக் கழற்றிக் காட்டி, இரண்டு கரிக்கும் நானே பொட்டு வைத்தேன். பூமணியும் மாமியும் வியந்து பார்த்தார்கள். அந்த வியப்புக்காகத்தான் கழற்றியதே. சந்தனம் காய்ந்து கரியைக் கூட்டோடு ஒட்டிவிட்டது. சில நாள் பழைய தொடுகையில் ஓடியிருக்கும். கரி கொஞ்சம் தேய்ந்ததும் வில்லால் தள்ள முடியவில்லை. தொடுகை போயிற்று, சார்ஜும் போயிற்று. கண்ணாடியில் பொட்டு இல்லாவிட்டால் முள்ளைப் பார்த்திருப்பேன் என்பது மெய்தான். ஆனால் ஹோர்ன் ஒரு கிழமையாகச் சொன்னதைக் கேட்காதவன், முள் சொல்லியா கேட்டிருப்பான்?

“என்ன தம்பி அது, சந்தனமா?” என்று நானா எட்டிப் பார்த்துக் கேட்டார்.

“ஓம்.”

“பூசை செஞ்ச வண்டியா,” என்றார். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கரிகளை வெளியே எடுத்து, கூடுகளைச் சுரண்டி, பெற்றோல் நனைத்த துணியால் துடைத்தேன். செப்பு உருளையின் பள்ளங்களை நெருப்புக் குச்சியால் ஒவ்வொன்றாகக் கிளறினேன். கரி கூட்டுக்குள் தாராளமாக ஏறி இறங்க வேண்டும், அதுதான் அளவு. பூட்டி எஞ்சினை எடுத்தேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. கம்பிகளைத் திரும்பப் பூட்டியதும் முள்ளும் நிரம்பும் பக்கம் சாய்ந்தது. பத்து நிமிடம் என்று நினைத்த வேலை முடியும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது.

“பெட்டரிய கொண்டு போங்க, நாளைக்கி தாங்க. அந்த உம்மா தனியப் போனாங்கதானே,” என்றார் நானா. ட்ராமில் மாமி ஏறியதை அவரும் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறார். என் பெற்றறியையும் அவருடையதையும் சைட்காருக்குள், மாமி இருந்த இடத்தில் வைத்துக் கட்டி, கம்பியை நீட்டிக் கொடுத்துப் புறப்பட்டேன்.

கொட்டாஞ்சேனைக்கு அங்கிருந்து ஒன்றரை மைல்தான். கோயிலுக்குப் பின்னால் இருந்த சந்தில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். மலாயாக்காரர் அங்கே இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் பெட்டியோடு ஸ்டேஷனுக்குப் போய்விட்டாராம். அவருடைய தங்கைதான் கதவடிக்கு வந்தார்.

“நீங்கள் ஆர்?”

“மருமகன்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “இப்பதான் வாறியளோ?” என்று கேட்டுவிட்டு வழிவிட்டார். அவர் என்னைக் கடிந்து கேட்டதாகச் சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் யாரும் கேட்கக்கூடிய கேள்விதான்.

மாமி உள்ளே பாயில், சுவரோடு சாய்ந்து இருந்தார். முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். ஒருத்தி அவர் கையைப் பிடித்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம். கறுத்த மசகோடு இருந்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நான் வாசலிலேயே நின்றேன். மாமி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“மோட்டச் சைக்கிள் சரிவந்திட்டுதோ தம்பி?”

“ஓம் மாமி.”

“நான் வைச்ச பொட்டாலையோ?”

“இல்லை மாமி. நான் உள்ளுக்கு வைச்சதாலை.”

தலையை ஆட்டினார். பிறகு, “ராசன் இல்லையாம் தம்பி. காய்ச்சலாம். போய் இரண்டு வருசமாம்,” என்றார்.

மகன் செத்த செய்தியை அவர் ட்ராமிலிருந்து இறங்கி, வழி கேட்டுக் கேட்டு நடந்து வந்து, தெரியாத மனிதரின் வாயால், தெரியாத மனிதர் நடுவில் இருந்து கேட்டிருக்கிறார். அந்த நேரத்தில் அவருடைய ஆள் என்று அங்கே இருந்திருக்க வேண்டியவன், ஒன்றரை மைலுக்கு அப்பால் நெருப்புக் குச்சியால் செப்பைக் கிளறிக்கொண்டிருந்தான். நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். அவர்தான் என் கையைப் பார்த்துவிட்டு, அந்தப் பெண்ணிடம் எனக்குக் கைகழுவத் தண்ணீர் கேட்டார்.

மூன்று மணிக்குத் திரும்பினோம். இரண்டு பெற்றறியும் மாமியின் காலடியில் இருந்தன. பெற்றறிக்குள் இருக்கும் அசிட் தண்ணீர் சேலையில் தெறிக்கும் என்று சொன்னேன். தெறித்தால் தெறிக்கட்டும் என்றார். வெள்ளவத்தை வரை வண்டி ஒரு விக்கலும் இல்லாமல் ஓடியது. அது அவ்வளவு நன்றாக ஓடியதைப் பார்க்கவே எனக்கு ஆத்திரம் வந்தது.

இனிப் போகிறவர்களுக்கு. கொட்டாஞ்சேனைக்கு வெள்ளவத்தையிலிருந்து ரெயிலும் ட்ராமும்தான் சுகம். ஒரு மணித்தியாலம் போதும், இரண்டும் சேர்ந்து அரை ரூபாய்கூட வராது. வண்டியில்தான் போவேன் என்றால் மெயின் வீதியைக் காலை எட்டு மணிக்கு முன் கடந்துவிடுங்கள். பொறிக்குப் பெற்றறியை நம்பும் வண்டியானால், புறப்படுமுன் எஞ்சினைக் கூட்டி, அம்மீற்றர் முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். ஒரு துண்டுக் கம்பியும் ஒரு பல்பும் எப்போதும் பையில் இருக்கட்டும். ஆயுத பூசைக்குப் பொட்டு வைப்பதென்றால் பெற்றோல் டாங்கியில் வையுங்கள். நடுவழியில் நின்றுவிட்டால், உங்களோடு வந்தவர் எதற்காக வந்தார் என்பதை முதலில் நினையுங்கள். வண்டியை யாரும் தூக்கிக்கொண்டு போய்விட மாட்டார்கள்.

நானாவின் பெற்றறியை அடுத்த நாள் காலையிலேயே கொடுத்துவிட்டேன். ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருவரிடமும் மாமி, “மருமோன் பக்கத்திலை இருந்தவர். அவர் இல்லாட்டி நான் அந்த இடத்திலையே விழுந்திருப்பன்,” என்று சொல்லத் தொடங்கினார். பூமணிக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். அழுதழுது வீங்கிய கண்ணோடு அவள் என்னிடம், “நீங்கள் அம்மாவோடை நிண்டதை நான் சாகுமட்டும் மறக்க மாட்டன்,” என்றாள். நான் குனிந்த தலையோடு நின்றேன்.

ஆட்கள் போன பிறகு மாமியிடம் போய், “பூமணியிட்டை உண்மையைச் சொல்லப்போறன் மாமி,” என்றேன். மாமி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்.

“அவளுக்கு இருந்த ஒரு அண்ணனும் போட்டான். இனி உங்களைத்தான் நம்பி இருக்கிறாள். அதிலை ஏன் தம்பி கை வைக்கிறியள்?” என்றார்.

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. நானும் ஒரு மாதமாக வாயை மூடிக்கொண்டுதான் இருக்கிறேன். பூமணி அதற்குப் பிறகு எனக்குச் சோறு போடும் விதமே மாறியிருக்கிறது. நான் கேட்காமலே நல்ல துண்டு மீன் என் சோற்றுக் கோப்பைக்கு வருகிறது. எனக்குக் கையெழுத்து மோசம். இந்த இதழுக்கு நான் எழுதுவதையெல்லாம் பிரதி எடுத்துத் தருகிறவள் பூமணிதான். நாளைக்கு இதையும் அவளிடம் கொடுக்கப் போகிறேன்.